ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: புதிதாக வருபவர் முதல் மாதத்தைத் தாண்ட என்ன செய்யலாம்?

கேள்வி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் பல வருடமாக ஆடும் சின்ன கிளான் (ஆட்டக் குழு) எங்களுடையது. நண்பர்களைப் புதிதாகக் கூட்டி வருகிறோம். பணம், கவசம், ஆயுதம் எல்லாம் கொடுக்கிறோம், வேகமாக லெவல் ஏறும் வழியையும் சொல்லித் தருகிறோம். ஆனாலும் இரண்டு வாரத்தில் ஆளைக் காணோம். எங்கே தப்பு?

பதில்: நீங்கள் கொடுக்கும் பணத்திலும் சொல்லித் தரும் வேக வழியிலும்தான் பாதித் தப்பு இருக்கிறது. மீதிப் பாதி, சொல்லித் தர வேண்டியதை விட்டுவிடுவது.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியை வைத்து 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்ட் ஸ்கூலைத் திறந்தார்கள். அன்றிலிருந்து இடைவிடாமல் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று புதியவர் நினைத்தால் முதல் நாளே சோர்ந்துபோவார். ஒரு திறனில் 99ஆம் லெவலுக்கு 13,034,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92ஆம் லெவலில் அதில் பாதிதான் சேர்ந்திருக்கும். ஆனால் அதே கணக்கின் மறுமுனையைப் பாருங்கள். இரண்டாம் லெவலுக்கு 83 புள்ளி போதும். பத்துக்கு 1,154. முப்பதுக்கு 13,363. தொடக்கத்தில் சில நிமிடத்துக்கு ஒரு முறை பட்டாசு வெடிக்கிறது, புதிதாக ஒன்று திறக்கிறது. இந்த வேகம் புதியவருக்கு மட்டுமே கிடைப்பது. பழையவர்களுக்கு அது திரும்ப வராது.

இந்த நேரத்தில் அவர் கையில் ஒரு கோடி காசைக் கொடுத்தால் என்ன ஆகிறது? வெண்கல வாளிலிருந்து இரும்பு, 5ஆம் லெவலில் ஸ்டீல், 20இல் மித்ரில், 30இல் அடமண்ட், 40இல் ரூன் என்று படிப்படியாக ஏறுவதுதான் அவருடைய முதல் மாதக் கதை. பணம் வந்ததும் படிகள் மறைந்துவிடுகின்றன. மாட்டுத் தோலை உரித்து விற்று 500 காசு சேர்ப்பதில் இருந்த மகிழ்ச்சி போய்விடுகிறது. நீங்கள் கொடுத்த பொருளுக்குத் தகுந்த லெவல் அவரிடம் இல்லை, லெவலைச் சம்பாதிக்கக் காரணமும் இல்லை. அப்புறம் ஏன் உள்ளே வர வேண்டும்?

ஆட்டத்தின் விதியே இதற்கு ஓரளவு வேலி போட்டிருக்கிறது. இலவசக் கணக்கில் 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் (கதையோடு வரும் பணி) புள்ளி, மொத்த லெவல் 100 ஆகிய மூன்றும் சேரும் வரை வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆட்டத்தின் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கும் போட் (நிரலே ஆடும்) கணக்குகளைத் தடுக்கப் போட்ட வேலி இது. புதியவருக்கும் அது நல்லதே செய்கிறது. இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டத்தின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரு பொருளை வாங்க முடியாதபோது தன் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

ஆடத் தொடங்கும் முன்

கணக்குப் பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கணக்குத் திருட்டுப் போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வீட்டில் திருடு போனது போலவே அவருக்கு வலிக்கும். ஆட்டத்தை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனத்தின் லாஞ்சரை அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி, ஜேகெக்ஸ் அக்கவுண்ட் உருவாக்கச் சொல்லுங்கள். உடனே இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அது தரும் காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். போன் மாற்றும்போது மாட்டிக்கொள்பவர்கள் எல்லாம் இந்தக் காகிதம் இல்லாதவர்கள். கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறாக இருக்க வேண்டும், அதற்கும் இரண்டாம் அடுக்கு வேண்டும். ஆட்டத்துக்குள் போனதும் வங்கியில் நான்கு இலக்க பின் வைக்க வேண்டும்.

கணினியில் ஆட்டத்தை ஓட்டப் பலர் பயன்படுத்தும் மாற்றுச் செயலியான ரூன்லைட்டை லாஞ்சர் வழியாகவே எடுக்கச் சொல்லுங்கள். தேடுபொறியில் தேடினால் அதே முகத்தோடு போலித் தளம் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். அதை நிறுவியவரின் கணக்கு அன்றே போய்விடும். முதல் நாளில் ரூன்லைட்டே தேவையில்லை என்பது என் கருத்து. போனிலேயே தொடங்கலாம். 2018 அக்டோபரில் மொபைல் பதிப்பு வந்ததிலிருந்து போனிலும் கணினியிலும் ஒரே கேரக்டர்தான், ஒரே உலகம்தான். பழைய போனிலும் ஓடும். போனில் ஆடுபவருக்கு மட்டும் ஒரு அமைப்பை மாற்றிக் கொடுங்கள்: மற்ற வீரர்களைத் தாக்கும் தேர்வை 'மறை' என்று வைத்துவிட்டால், விரல் தவறிப் பட்டு யாரையாவது தாக்கும் விபத்து நடக்காது.

தொடக்கப் பயிற்சித் தீவான ட்யூட்டோரியல் ஐலண்டில் அயர்ன்மேனாக ஆடுகிறாயா என்று ஒரு தேர்வு வரும். உங்கள் கிளானில் பாதிப் பேர் அயர்ன்மேனாக இருக்கலாம். முதல் கணக்கை அப்படித் தொடங்கச் சொல்லாதீர்கள். அயர்ன்மேன் யாரிடமும் பொருள் வாங்கக் கூடாது, கிராண்ட் எக்ஸ்சேஞ்சும் கிடையாது. சந்தை என்றால் என்னவென்று தெரிந்தவருக்குத்தான் சந்தை இல்லாமல் ஆடுவதன் சுவை புரியும். அயர்ன்மேனிலிருந்து சாதாரணக் கணக்குக்கு இறங்கலாம், சாதாரணத்திலிருந்து அயர்ன்மேனுக்கு மாற முடியாது என்பதையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள்.

முதல் மாலை

ட்யூட்டோரியல் ஐலண்டில் அவர் தனியாக இருக்கட்டும். அங்கே நீங்கள் போகவும் முடியாது. போனில் அழைத்து "அடுத்து இதை அழுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், திரையைப் படிக்கும் பழக்கம் அவருக்கு வராமலே போகும். அவர் தீவிலிருந்து வந்து சேரும் லம்பிரிட்ஜ் ஊரில் காத்திருங்கள். எந்த உலக எண்ணில் (அதாவது எந்த சர்வரில்) காத்திருக்கிறீர்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இது அடிக்கடி சொதப்பும் இடம். அவர் இலவசக் கணக்கு, நீங்கள் சந்தா உலகத்தில் நிற்கிறீர்கள், இருவரும் லம்பிரிட்ஜில்தான் இருக்கிறோம் என்று அரை மணி நேரம் தேடுவீர்கள். நீங்கள்தான் இலவச உலகத்துக்கு இறங்கி வர வேண்டும். அங்கே உங்கள் சந்தாக் கவசம் எதுவும் வேலை செய்யாது. வெண்கலக் கோடரியோடு போய் நில்லுங்கள். அவருக்கு எதிரே தங்கக் கவசத்தில் நிற்பதைவிட அதுதான் நல்ல வரவேற்பு. உலகப் பட்டியலில் வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லக்கூடிய உலகங்களும் மொத்த லெவல் கேட்கும் உலகங்களும் கலந்திருக்கும். எந்தக் குறி எதற்கு என்று ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள்.

முதல் குவெஸ்ட் 'குக்ஸ் அசிஸ்டண்ட்'. அரண்மனைச் சமையல்காரருக்கு ஒரு முட்டை, ஒரு வாளிப் பால், ஒரு பானை மாவு வேண்டும். மூன்றையும் நீங்களே வாங்கிக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும், 300 சமையல் புள்ளி கிடைக்கும், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கொடுக்காமல் கூட நடந்து பாருங்கள். முட்டை கோழிப் பண்ணையில் தரையில் கிடக்கும். பால் கறக்க எல்லா மாடும் ஆகாது, அதற்கென்று நிற்கும் கறவை மாட்டைத்தான் சொடுக்க வேண்டும். மாவில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். வயலில் கோதுமையைப் பறித்து, ஆலையின் உச்சி மாடிக்கு ஏறி, தொட்டியில் போட்டு, பக்கத்தில் உள்ள நெம்புகோலை இழுத்து, பிறகு தரைத் தளத்துக்கு இறங்கி, காலிப் பானையோடு மாவுத் தொட்டியைச் சொடுக்க வேண்டும். நெம்புகோலை மறந்துவிட்டு இறங்கி வந்து "மாவு இல்லையே" என்பார்கள். அப்போது "மேலே இன்னொரு பொருள் இருந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் மறுபடி ஏறிக் கண்டுபிடிக்கட்டும். ஒரு பொருளை இன்னொன்றோடு பயன்படுத்துவது, மாடி ஏறி இறங்குவது, பாத்திரம் தேவைப்படுவது என்று இந்த ஆட்டத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஆலைக்குள் இருக்கிறது.

அடுத்து, சண்டைப் பாணியைத் தேர்ந்தெடுக்கும் தாவல் (டேப்). யாரும் சொல்லித் தராததால் பல வாரம் வீணாகும் இடம் இது. சிமிட்டர் போன்ற வளைவாளில் நான்கு பாணிகள் இருக்கும்: ஒன்று அட்டாக் ஏற்றும், ஒன்று ஸ்ட்ரெங்த், ஒன்று டிஃபென்ஸ், 'கண்ட்ரோல்டு' மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும். எதில் நிற்கிறோம் என்று பார்க்காமலே கோழி அடித்துக்கொண்டிருப்பார்கள். அட்டாக்கையும் ஸ்ட்ரெங்த்தையும் மாற்றி மாற்றி ஏற்றச் சொல்லுங்கள். எந்த ஆயுதம் என்று கேட்டால் சிமிட்டர். காரணத்தையும் சொல்லுங்கள்: இந்த ஆட்டத்தின் கடிகாரம் 0.6 வினாடிக்கு ஒரு முறை துடிக்கிறது, அதைத்தான் 'டிக்' என்கிறோம். சிமிட்டர் நான்கு டிக்குக்கு ஒரு வீச்சு, அதாவது 2.4 வினாடி. லாங்ஸ்வார்ட் ஐந்து டிக், 3 வினாடி. இருகைப் பெருவாள் ஏழு டிக். அல் கரிட் ஊரில் ஸீக் கடையில் மித்ரில் வரை சிமிட்டர் கிடைக்கும். அவர் தன் காசில் போய் வாங்கட்டும்.

வாரக் நகரத்துக்குக் கூட்டிப் போகும்போது தெற்கு வாசலுக்கு வெளியே உள்ள கல் வட்டத்தை நினைவில் வையுங்கள். அங்கே 7ஆம், 20ஆம் லெவல் இருட்டு மந்திரவாதிகள் நிற்கிறார்கள். தாமாகவே தாக்குவார்கள். உங்களைத் தொட மாட்டார்கள், ஏனென்றால் தன் லெவலைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டியவரை அரக்கர்கள் தாமாகத் தாக்குவதில்லை. 20ஆம் லெவல் மந்திரவாதிக்கு அந்தக் கோடு 40. அதனால் பழையவர்கள் அந்த இடத்தையே மறந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் 3ஆம் லெவல்காரர் நான்கு அடியில் செத்துப்போவார். கிழக்கு வாசல் வழியாகச் சுற்றிப் போங்கள். அல்லது, செத்தால் என்ன ஆகும் என்பதை அவர் கையில் இழக்க ஒன்றும் இல்லாத இந்தக் காலத்திலேயே சொல்லிக் கொடுங்கள்: விலை உயர்ந்த மூன்று பொருள் கூடவே வரும், மற்றவை கல்லறையில் 15 நிமிடம் இருக்கும், அதையும் தவறவிட்டால் மரணதேவனின் அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்கலாம். இது தெரியாமல் முதல் மரணத்தைச் சந்தித்தவர், எல்லாம் போய்விட்டது என்று அப்படியே மூடிவிட்டுப் போகிறார்.

முதல் வாரம்

இலவசப் பகுதியில் ஒரு வாரம் இருக்கட்டும். 'எக்ஸ் மார்க்ஸ் த ஸ்பாட்' குவெஸ்டில் துப்பு வைத்து மண் தோண்டுவது பழகும். மண்வெட்டி ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்' முடித்தால் 1,125 பிரேயர் புள்ளி. பார்பேரியன் கிராமத்துக் குழிக்குள் இருக்கும் 'ஸ்ட்ராங்ஹோல்ட் ஆஃப் செக்யூரிட்டி'யை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கதவும் கணக்குப் பாதுகாப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும். முதல் மூன்று தளத்தில் 2,000, 3,000, 5,000 காசு, நான்காவதில் ஒரு ஜோடி பூட்ஸ். பத்தாயிரம் காசைத் தானே சம்பாதித்த மகிழ்ச்சி, நீங்கள் கொடுக்கும் ஒரு கோடியில் வராது. கீழ்த் தளங்களில் உள்ளவை அவரைவிடப் பலமானவை, உணவு கொண்டுபோகச் சொல்லுங்கள். சண்டை போடாமல் கதவு கதவாக ஓடியே முடிக்கலாம்.

சந்தா எப்போது? அவரே "அந்த மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது" என்று கேட்கும்போது. இலவசப் பகுதியிலேயே உழைத்து பாண்ட் வாங்கச் சொல்வது பலர் தரும் ஆலோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பாண்ட் 14 நாள் சந்தா தரும். அந்த விலைக்கான காசை இலவச வருமானத்தில் சேர்ப்பது மாதக்கணக்கில் ஒரே வேலையைச் செய்யும் தண்டனை. ஆட்டத்தின் மிக மெல்லிய பகுதியில் ஆளைக் கட்டிப்போட்டு வைக்கும். பிடித்திருந்தால் ஒரு மாதச் சந்தாவைத் தன் பணத்தில் எடுக்கட்டும், பிடிக்காவிட்டால் நட்டம் ஒரு மாதத்தோடு போகும். தேர்வு, ஊர்ப் பயணம், திருமணம் என்று எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

சந்தா தொடங்கியதும் 'வாட்டர்ஃபால் குவெஸ்ட்'. இதில் 13,750 அட்டாக் புள்ளி, 13,750 ஸ்ட்ரெங்த் புள்ளி கிடைக்கும். எந்த லெவலும் கேட்காது. ஒன்றாம் லெவலில் இருப்பவர் நேராக முப்பதுக்குப் போவார். முன்பே இருபது வரை ஏற்றிவிட்டவர் முப்பத்திரண்டுக்குப் போவார். "அப்படியானால் கோழி அடித்ததெல்லாம் வீணா" என்று கேட்பார்கள். புள்ளி எதுவும் வீணாகவில்லை, மேலே போகப் போக ஒரு லெவலுக்கு அதிகப் புள்ளி வேண்டும் என்பதுதான் கணக்கு.

இந்தக் குவெஸ்டில் அரக்கரைக் கொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவர்களைத் தாண்டி ஓட வேண்டும். சொதப்பும் இடங்கள் ஐந்து. கயிறு இல்லாமல் போனால் அருவி அடித்துக்கொண்டு போய்விடும். கிளேரியலின் கல்லறைக்குள் ஆயுதம், கவசம், ரூன் எதுவும் எடுத்துப்போக முடியாது, உணவு மட்டும்தான். உள்ளே மாஸ் ஜயண்ட்கள் இருக்கும், அதனால் தாயத்தையும் கலசத்தையும் எடுத்ததும் திரும்ப வேண்டும். கடைசிப் பயணத்தில் காற்று, நீர், மண் ரூன்கள் தலா 6 வேண்டும். வங்கி தூரம், ஐந்து எடுத்துப்போனவர் மொத்தத்தையும் திரும்ப நடப்பார். கல்லறையில் எடுத்த தாயத்தை மறந்துவிட்டு அருவிக்குப் போனால் உள்ளே விடாது. கடைசிக் குகையில் 86ஆம் லெவல் ஃபயர் ஜயண்ட்கள் நிற்கின்றன, நின்றால் போச்சு. புறப்படும் முன் அவருடைய பையை ஒரு முறை சேர்ந்து சரிபாருங்கள்: கயிறு, தாயத்து, கலசம், ரூன்கள், மீதி இடம் முழுக்க உணவு. பழையவரின் வேலை இவ்வளவுதான். ஓடுவது அவர் வேலை.

இதே போல் வாரக் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் இயற்கை வரலாறு வினாடி வினா இருக்கிறது. முடித்தால் ஸ்லேயரிலும் ஹண்டரிலும் தலா 1,000 புள்ளி, இரண்டும் ஒன்பதாம் லெவல். ஒரு வாள் வீச்சு இல்லாமல் கிடைப்பது. இப்படி இரண்டு மூன்று குறுக்கு வழிகளைச் சொல்லலாம். ஆனால் விக்கியில் உள்ள முழு குவெஸ்ட் வரிசைப் பட்டியலையும் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடாதீர்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட வேலைப் பட்டியல் அது. ஆட்டத்தை அலுவலகமாக்கிவிடும். விக்கி என்று ஒன்று இருக்கிறது, மினிமேப்புக்குப் பக்கத்தில் அதற்கொரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி எந்தப் பொருளைச் சொடுக்கினாலும் அதன் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டினால் போதும். எவ்வளவு படிப்பது என்பது அவருடைய விருப்பம்.

கிளான் சாட்டில் நடப்பது

2021இல் இப்போதுள்ள கிளான் அமைப்பு வந்தது. ஒரு கிளானில் 500 பேர் வரை இருக்கலாம். ஐநூறு பேருக்கும் பொதுவாக விட்ட பொறுப்பு யாருக்கும் இல்லாத பொறுப்பு. அதனால் ஒரு புதியவருக்கு ஒரு ஆள் என்று பேர் சொல்லி ஒப்படையுங்கள். ஒருவரிடம் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒப்படைக்கப்பட்டவரின் வேலை, சாட்டில் புதியவர் கேட்ட கேள்வி பதில் இல்லாமல் மேலே போய்விடாமல் பார்த்துக்கொள்வது. கேட்ட கேள்விக்கு ஒருமுறை பதில் வராவிட்டால் இரண்டாம் முறை கேட்பார்கள். அதற்கும் வராவிட்டால் மூன்றாம் முறை கேட்க மாட்டார்கள்.

சாட் எப்படி ஓடுகிறது என்பதை அவர் கண்ணால் பாருங்கள். "டோஏ கேசி என்ன?", "பிஐஎஸ் இல்லாம போகாதே", "ஜிஇல ஆல்ச் விலைக்குக் கீழ போயிருக்கு". இதில் அவருக்குப் புரியும் சொல் ஒன்றுகூட இல்லை. பழையவர்களைச் சுருக்கெழுத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் ஒப்படைக்கப்பட்டவர் பக்கத்திலேயே ஒரு வரி போடலாம்: கேசி என்றால் எத்தனை முறை அந்த அரக்கனைக் கொன்றாய் என்ற எண்ணிக்கை, பிஐஎஸ் என்றால் அந்த இடத்துக்கு இருப்பதிலேயே நல்ல கவசம், ஆல்ச் என்றால் 55ஆம் மேஜிக் லெவலில் பொருளைக் காசாக்கும் மந்திரம். அகராதியாகத் தொகுத்துக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. சொல் வந்த இடத்திலேயே விளக்கினால் நிற்கும். ஆட்டத்தின் சாட்டில் தமிழ் எழுத்து வராது என்பதால் நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார்கள். போனில் அது இன்னும் மெதுவாகும். அவருக்கு ஒத்துவந்தால் குரல் அழைப்பு நல்லது.

யாராவது 99 அடித்தால் வாழ்த்து மழை பொழிகிறது. புதியவர் மரம் வெட்டுவதில் முப்பது அடித்தபோதும் இரண்டு பேர் வாழ்த்தட்டும். வில்லோ மரத்தின் கதவு அன்றுதான் அவருக்குத் திறக்கிறது. "அது எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேஸ்ட்" என்ற வாக்கியத்தை மட்டும் கிளானில் தடை செய்துவிடுங்கள். ஒருவர் மீன் பிடித்துக்கொண்டே கரையில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் ஆட்டத்தை ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். மணிக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கை அவர் கேட்கும்போது சொல்லுங்கள்.

சேர்ந்து ஆட ஏதாவது வேண்டுமே என்றால், முதலில் டெம்போராஸ் என்ற கடல் அரக்கன். மீன்பிடி லெவல் 35 போதும். 99 லெவல்காரரும் 35 லெவல்காரரும் ஒரே கப்பலில் நிற்கலாம், இருவரின் உழைப்பும் தேவைப்படும். ஹார்பூன், கயிறு, சுத்தியல், வாளி எல்லாம் கப்பலிலேயே கிடைக்கும். மீனைப் பிடித்து, நேரம் இருந்தால் சமைத்து, பீரங்கியில் ஏற்ற வேண்டும். பெரிய அலை வரும் அறிவிப்பு கிடைத்ததும் கொடிமரத்தில் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். புதியவர் தவறுவது இதில்தான்: மீன் பிடிக்கும் மும்முரத்தில் அறிவிப்பைப் பார்க்காமல் அலையில் அடித்துப் போடப்படுவார், பிடித்ததில் கொஞ்சம் போகும். சாகடிக்காத தோல்வி, சிரித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

ஏமாற்று வேலையும் வனாந்தரமும்

கையில் முதல் பத்து லட்சம் சேரும்போது இந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள், அதற்கு முன் சொன்னால் மனதில் நிற்காது. கிராண்ட் எக்ஸ்சேஞ்சைச் சுற்றி "காசைக் கொடு, இரட்டிப்பாகத் தருகிறேன்" என்று கத்துபவர்கள் நிற்பார்கள். சிறு தொகையை உண்மையிலேயே இரட்டித்துக் கொடுப்பார்கள், பெரிய தொகை வந்ததும் போய்விடுவார்கள். "கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு வைத்துத் தருகிறேன்" என்பது இன்னொன்று. அப்படி ஒரு திறனே ஆட்டத்தில் இல்லை. வர்த்தகத்தில் இரண்டாவது திரை ஏன் இருக்கிறது என்றால், முதல் திரையில் காட்டிய பொருளைக் கடைசி நொடியில் மாற்றுவார்கள் என்பதற்காக. இரண்டாவதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொள்பவருக்குப் பெயரருகே தங்கக் கிரீடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக் கிரீடம் வீரர்களிலிருந்து எடுத்த கண்காணிப்பாளருக்கு. இருவருமே கடவுச்சொல் கேட்க மாட்டார்கள்.

கிளானுக்கு ஒரு விதி வையுங்கள்: புதியவரிடம் யாரும், எந்தப் பதவியில் இருந்தாலும், பொருள் கடன் கேட்கக் கூடாது. விதி இருந்தால், கேட்டவன் ஏமாற்றுக்காரன் என்று புதியவர் யோசிக்காமலே தெரிந்துகொள்வார்.

வீரர்கள் ஒருவரையொருவர் கொல்லக்கூடிய பகுதியான வனாந்தரத்தை நீங்களே காட்டுங்கள். வெறும் மண்வெட்டியும் கொஞ்சம் உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு எட்ஜ்வில் வடக்கே உள்ள பள்ளத்தைத் தாண்டுங்கள். மூலையில் ஏறும் எண், அந்த எண்ணுக்குள் சண்டை லெவல் வித்தியாசம் உள்ளவர் தாக்கலாம் என்பது, இருபதுக்கு மேல் சாதாரண டெலிபோர்ட் வேலை செய்யாது என்பது, தலைக்கு மேல் மண்டையோடு வந்தால் மூன்று பொருள்கூட மிஞ்சாது என்பது. நான்கும் அங்கே நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். அப்புறம் முகம் தெரியாதவர் "என் பின்னால் வா, நல்ல இடம் காட்டுகிறேன்" என்று வடக்கே கூட்டிப்போனால் அவர் நின்றுவிடுவார்.

முதல் பெரிய அரக்கன்

ஸ்கரியஸ் என்ற எலி ராஜா 2024 ஜனவரியில் வந்தது. வாரக் சாக்கடைக்குள் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கென்றே கட்டப்பட்ட அரக்கன் இது. பிரேயர் லெவல் 43 இருந்தால் மூன்று காப்புப் பிரார்த்தனைகளும் கிடைக்கும்: மந்திரத்துக்கு 37, அம்புக்கு 40, வாளுக்கு 43. அதுவரை அவசரம் வேண்டாம்.

கற்றுக்கொடுப்பவர்கள் எல்லா விதியையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இங்கே நடக்கும் தவறு. ஒரு சண்டைக்கு ஒரு விதி. முதல் முறை: தரையில் நிழல் விழும் கட்டத்திலிருந்து நகர வேண்டும், மேலிருந்து கல் விழும். அதை மட்டும் பார்க்கட்டும், செத்தாலும் பரவாயில்லை. இரண்டாம் முறை: அது எறிவது என்ன என்று பார்த்து அதற்குரிய பிரார்த்தனைக்கு மாற்றட்டும். மூன்றாம் முறை: நடுவில் உணவுக் குவியலுக்குப் போய்த் தின்று தேறும் நேரத்தில் விடாமல் அடிக்கட்டும். நீங்கள் கூட வந்தால் பலவீனமான ஆயுதத்தோடு வாருங்கள். உங்கள் சிறந்த ஆயுதத்தில் அது பத்து வினாடியில் செத்தால், அவர் ஒரு நிழலையும் பார்த்திருக்க மாட்டார். கிடைக்கும் பொருளைப் பங்கு போடுவதா, எடுத்தவருக்கே சொந்தமா என்பதை உள்ளே போகும் முன் வாயால் சொல்லிவிடுங்கள். பழைய நண்பர்கள் பிரிவதும் இந்த ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதால்தான்.

பல அரக்கர்களை வரிசையாக வெல்லும் ரெய்டு கேட்டால், கொஞ்சம் முன்னேறியவருக்கு டூம்ஸ் ஆஃப் அமஸ்கட் (சாட்டில் 'டோஏ') நல்ல தொடக்கம். கடினத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம், 150க்குக் கீழே வைத்தால் நுழைவு நிலை. அதற்கு முன் 'பினீத் கர்ஸ்டு சேண்ட்ஸ்' குவெஸ்ட் முடிந்திருக்க வேண்டும் என்பதால், அது ஒரு நல்ல இரண்டாம் மாத இலக்கு.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் காணாமல் போவார்கள். வேலை, படிப்பு, அல்லது வேறொரு ஆட்டம். கிளானிலிருந்து நீக்காதீர்கள். சந்தா முடிந்தாலும் வங்கியில் உள்ளது அப்படியே இருக்கும், கேரக்டரும் இருக்கும் என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள். பலர் எல்லாம் அழிந்திருக்கும் என்று நினைத்தே திரும்புவதில்லை. "ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டெம்போராஸ் போகிறோம்" என்று உலக எண்ணோடு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து வந்தவருக்கு வங்கியைத் திறந்ததும் தலை சுற்றும், எதை எதற்கு வைத்திருந்தோம் என்று தெரியாது. அன்று அவரைக் கப்பலில் ஏற்றிவிடுங்கள். வங்கியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.